தூத்துக்குடி மாடியில் கோடை பண்பலை

அன்புள்ள தூத்துக்குடி வாசகருக்கு,

கோடை பண்பலை 100.5-உம் இலங்கைத் தமிழ் வானொலிகளும் வீட்டில் தெளிவாகக் கேட்க வேண்டும், மொட்டை மாடியில் எந்த ஆன்டெனா வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கடையில் உள்ளதிலேயே பெரியதை வாங்கிவிடலாமா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். நீங்கள் கேட்பது இரண்டு வேறு வேறு காரியங்கள். ஒன்றைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். மற்றது காற்றின் தயவு.

பண்பலை அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. கண்ணுக்குத் தெரியும் அடிவானத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஒலிபரப்பும் இடத்தின் உயரம், உங்கள் ஆன்டெனாவின் உயரம் இரண்டையும் மீட்டரில் எடுத்து, அவற்றின் வர்க்கமூலங்களைக் கூட்டி, 4.12-ஆல் பெருக்குங்கள். எட்டும் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். கோடை பண்பலை ஒலிபரப்பாகும் கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். நீங்கள் 10 மீட்டரில் வைத்தால் விடை 200 கிலோமீட்டர். உங்கள் ஊருக்கும் கொடைக்கானலுக்கும் நேர்கோட்டில் சுமார் 175 கிலோமீட்டர்தான். எனவே பக்கத்து மாடியோ தண்ணீர்த் தொட்டியோ மறைக்காத இடமாகப் பார்த்து வைத்தால், கோடை பண்பலையை நீங்கள் உறுதியாக எதிர்பார்க்கலாம்.

கொழும்பு அப்படியல்ல. தூரம் சுமார் 280 கிலோமீட்டர். 350 மீட்டர் தாமரைக் கோபுரத்தின் உச்சியிலிருந்தே ஒலிபரப்பினாலும் கணக்குப்படி 90 கிலோமீட்டர்தான் வரும். இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலை 2,524 மீட்டர் உயரம். அங்கிருந்தும் 220-ஐ எட்டினால் அதிகம், தூரமோ 350. பிறகு எப்படிச் சில நாள் சக்தி, சூரியன், தென்றல் ஆகிய இலங்கைத் தமிழ் நிலையங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டுபோல வந்து விழுகின்றன? கடலை ஒட்டிக் குளிர்ந்த ஈரக்காற்றும், அதன்மேல் சூடான வறண்ட காற்றும் அடுக்காகப் படியும்போது, கீழே உள்ள குளிர்ந்த அடுக்குக்குள் அலை சிக்கி, மேலே தப்பிப் போகாமல் கடல்மீதே வெகுதூரம் ஓடிவரும். காற்று அசையாத இரவுகளிலும் விடியற்காலைகளிலும் இது நடக்கும்; வெயில் ஏறி, காற்று கலைந்தால் போய்விடும். எவ்வளவு பெரிய ஆன்டெனாவாலும் இந்த அடுக்கை உண்டாக்க முடியாது. அது அமையும் நேரத்தில் வருவதைத் தவறவிடாமல் பிடிக்கத்தான் முடியும்.

ஆகவே நான் சொல்வது, பண்பலைக்கென்றே அளவெடுத்த மூன்று அல்லது ஐந்து குழாய் யாகி. 1920-களில் ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் உடாவும் யாகியும் உருவாக்கிய அதே வடிவம். நம் மாடிகளில் தூர்தர்ஷனுக்காக நின்றவையும் அந்த இனம்தான், ஆனால் குழாய்களின் நீளம் வேறு. 100 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3 மீட்டர். ஒயர் இணைக்கும் நடுக்குழாய் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 1.4 மீட்டரைத் தாண்டி இருக்க வேண்டும். பின்குழாய் கொஞ்சம் நீளம், முன்குழாய்கள் கொஞ்சம் குட்டை. கடையில் டேப் வைத்து அளந்து பாருங்கள்.

பலரும் யாகியை வாங்குவது அது அதிகம் இழுக்கும் என்று நம்பித்தான். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அது தள்ளிவிடும் குணம். உங்கள் ஊரிலேயே தனியார் பண்பலை நிலையங்கள் இருக்கின்றன. அவற்றின் பலத்தில் ரேடியோ திணறும்போது, பக்கத்து அலைவரிசையில் மெல்லிசாக வரும் தூரத்து நிலையம் அமுங்கிப்போகும். ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையங்கள் வந்தாலோ, பண்பலையின் இயல்புப்படி பலமானதே கேட்கும், மற்றது அநேகமாகக் காணாமலே போகும். யாகி முன்னால் கேட்கிறது. பக்கவாட்டிலும் பின்னாலும் காதைப் பொத்திக்கொள்கிறது. உள்ளூர்க் கோபுரம் அதன் விலாப்பக்கம் விழும்படி திருப்பினால், தூரத்துக் குரல் தலைதூக்கும். எல்லாத் திசையிலும் கேட்கும் வட்ட ஆன்டெனாவை நான் பரிந்துரைக்காததற்குக் காரணம் இதுவே.

இன்னொரு விஷயம்: உங்களுக்குக் கொடைக்கானல் வடக்கு வடமேற்கு, கொழும்பு தென்கிழக்கு. ஏறக்குறைய நேரெதிர்! அதனால் கம்பத்தைக் கையால் திருப்பும்படி கிளாம்பில் நிறுத்துங்கள். குழாய்களைப் படுக்கைவாட்டிலும் செங்குத்தாகவும் வைத்துப் பார்த்து, எது தெளிவோ அதில் முடுக்குங்கள்.

பூஸ்டரை இப்போது வாங்காதீர்கள். உள்ளூர் நிலையத்தையும் சேர்த்தே அது பெருக்கும். ஆர்ஜி-6 கேபிளில் 20 மீட்டருக்கு இழப்பு சொற்பம். மடித்த நடுக்குழாய் உள்ள ஆன்டெனாவானால் 300 ஓமை 75 ஓமாக்கும் மேட்சிங் டிரான்ஸ்பார்மர் வேண்டும். ரேடியோவில் ஆன்டெனா சாக்கெட் இல்லையென்றால், பழைய கார் ஸ்டீரியோ ஒன்றை 12 வோல்ட் சப்ளையில் ஓட்டுங்கள். மெல்லிய சிக்னலைப் பிடிப்பதில் அது கெட்டிக்காரன். இரைச்சல் இருந்தால் மோனோவுக்கு மாற்றுங்கள், பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும். நட்டு, போல்ட் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். கம்பத்துக்குத் தடித்த செம்புக் கம்பியில் எர்த் கொடுங்கள். கம்பம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரத்தில் அது நிற்க வேண்டும். இதில் மட்டும் தயவுசெய்து சமரசம் செய்துகொள்ளாதீர்கள். இடி இடிக்கும்போது கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

கம்பத்துக்குச் சிமெண்ட் போடுவதற்கு முன், ஆன்டெனாவைக் கையில் பிடித்தபடி மாடியின் நான்கு மூலையிலும் நின்று 100.5-ஐக் கேளுங்கள். எந்த மூலையில் நன்றாகக் கேட்டது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் வானொலி நண்பன்