தட்டினால் பதில் சொல்லும் அணுக்கரு

டாக்டர் "எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து வாருங்கள்" என்று எழுதிக் கொடுத்தால், விஜயபுரம் பக்கத்தில் இருக்கும் நாம் திருப்பதிக்கோ சென்னைக்கோ கிளம்புகிறோம். கிளம்புமுன் வீட்டில் எழும் கேள்வி, "அது அணுக்கதிர் ஆயிற்றே, உடம்புக்கு ஆகுமா?" என்பதுதான். கேள்வி நியாயமானது. இதற்கு விடை தேடினால், கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறின் அமைப்பையும் அசைவையும் விஞ்ஞானிகள் எப்படி அறிகிறார்கள் என்பதும் விளங்கிவிடும். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: அணுக்கரு காந்த ஒத்ததிர்வு.

ஹைட்ரஜன் அணுவின் கரு ஒரு புரோட்டான். அது ஒரு சின்னஞ்சிறு காந்தம். பம்பரத்தைப் போலச் சுழலும் தன்மையும் அதற்கு உண்டு. சாய்ந்த பம்பரம் தலையை ஆட்டியபடி சுற்றுவதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். காந்தப்புலத்தில் வைத்த புரோட்டானும் அப்படியே தலையாட்டுகிறது. 1 டெஸ்லா புலத்தில் நொடிக்குச் சுமார் 4 கோடியே 26 லட்சம் முறை. இது ரேடியோ அலையின் அதிர்வெண். அதே அதிர்வெண்ணில் ரேடியோ அலையை அனுப்பினால் கரு அதை ஏற்கும். அலையை நிறுத்தியதும் பதில் குரல் கொடுக்கும். 1945 இறுதியில் ஹார்வர்டில் பர்செல் குழுவினர் பாரஃபின் மெழுகிலும், 1946 தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டில் பிளாக் குழுவினர் தண்ணீரிலும் இதைக் கண்டனர். இருவருக்கும் 1952இல் நோபல் பரிசு கிடைத்தது.

நான் ரயில்வேயில் பணியாற்றிய காலத்தில், வண்டி நின்றதும் பிட்டர்கள் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல சக்கரம் கணீரென்று ஒலித்து மெல்ல அடங்கும். விரிசல் கண்ட சக்கரம் மந்தமாக ஒலித்துச் சட்டென்று ஓய்ந்துவிடும். சுருதி ஒரு செய்தி. அடங்கும் நேரம் இன்னொரு செய்தி. இங்கே ரேடியோ அலைதான் சுத்தியல். கருவின் சுருதியிலிருந்து மூலக்கூறின் அமைப்பையும், குரல் அடங்கும் நேரத்திலிருந்து அதன் அசைவையும் அறியலாம்.

முதலில் அமைப்பு. எல்லாப் புரோட்டானும் ஒன்றுதான் என்றால் சுருதி ஏன் மாற வேண்டும்? ஒவ்வொரு கருவையும் சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் வெளிப்புலத்தைச் சிறிது மறைக்கின்றன. அந்த மறைப்பு இடத்துக்கு இடம் வேறுபடும். 1951இல் ஸ்டான்ஃபோர்டில் ஆர்னால்டு, தர்மட்டி, பேக்கார்டு ஆகிய மூவர் எத்தில் ஆல்கஹாலை ஆராய்ந்து, மூன்று தனித்தனிக் கோடுகளைக் காட்டினர். அவற்றின் அளவு 1:2:3. ஆக்சிஜனோடு உள்ள ஹைட்ரஜன் ஒன்று, நடுக் கார்பனில் இரண்டு, கடைசிக் கார்பனில் மூன்று என்ற கணக்கு அப்படியே பொருந்தியது. அதே 2 கார்பன், 6 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் கொண்ட டைமெத்தில் ஈதரில் ஆறு ஹைட்ரஜனும் ஒரே நிலையில் இருப்பதால் ஒரே கோடுதான் வரும். மூவரில் ஒருவரான எஸ்.எஸ். தர்மட்டி நம் நாட்டவர். பின்னர் பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் இத்துறையை வளர்த்தவர் அவரே.

அடுத்து அசைவு. திரவத்தில் மூலக்கூறுகள் வேகமாகப் புரள்வதால் கருவின் குரல் நெடுநேரம் நீடிக்கும். தூய தண்ணீரில் அது நொடிக்கணக்கு; அசைவு குறைந்த பனிக்கட்டியில் மைக்ரோ நொடிக்கணக்கு. இன்னொரு வழியும் உண்டு. மின்விசிறி மெல்லச் சுற்றும்போது இறக்கைகளைத் தனித்தனியே காண்கிறோம். வேகமாகச் சுற்றினால் ஒரே வட்டமாகத் தெரிகிறது. டைமெத்தில் ஃபார்மமைடு என்ற திரவத்தில் அறை வெப்பத்தில் இரண்டு மெத்தில் தொகுதிகளும் இரண்டு கோடுகள் தரும். நன்றாகச் சூடாக்கினால் அவை வேகமாக இடம் மாறிக்கொள்வதால் ஒரே கோடாகிவிடும். எந்த வெப்பத்தில் ஒன்றாகிறது என்பதிலிருந்து சுழற்சியின் வேகத்தைக் கணக்கிடலாம்.

ஓடும் திரவத்தில் இந்தக் குரல் எப்படி மாறுகிறது என்று 1951லேயே ஆராய்ந்தவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஜி. சூரியன். இன்று ரத்த ஓட்டத்தைப் படம் பிடிக்கும் முறைகளுக்கு அந்த விளைவே ஆதாரம். அதே கழகத்தின் பேராசிரியர் அனில் குமார், 1975இல் சூரிச்சில் வெல்டி, எர்ன்ஸ்ட் ஆகியோருடன் வெளியிட்ட முறை எம்.ஆர்.ஐ. படத்துக்கு அடித்தளமாயிற்று. 1980இல் எர்ன்ஸ்ட், வூத்ரிச் ஆகியோருடன் அவர் செய்த பணி புரதங்களின் வடிவத்தை அறிய உதவியது.

இனி, முதல் கேள்விக்கு வருவோம். இம்முறையில் கரு பிளப்பதில்லை, கதிரியக்கம் இல்லை, எக்ஸ்ரேயும் இல்லை. உடலிலுள்ள தண்ணீர், கொழுப்பு ஆகியவற்றின் புரோட்டான்களைக் காந்தத்தில் வைத்து ரேடியோ அலையால் தட்டிக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். ஆகவே "அணு" என்ற சொல்லுக்கு அஞ்சித் தேவையான சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

அஞ்ச வேண்டியது காந்தத்துக்கு. பெரும்பாலான ஸ்கேன் இயந்திரங்களின் காந்தம், ஸ்கேன் நடக்காத நேரத்திலும் இயங்கிக்கொண்டே இருக்கும். 1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைப் போல முப்பதாயிரம் மடங்குக்கும் மேல். 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில், நோயாளிக்குத் துணையாக வந்த உறவினர் ஆக்சிஜன் சிலிண்டருடன் அறைக்குள் போக, காந்தம் இழுத்ததில் உயிரிழந்தார். எனவே துணைக்குப் போகிறவர்களும் சாவி, கத்தரிக்கோல், ஊன்றுகோல் எதையும் உள்ளே கொண்டு போகக் கூடாது. பேஸ்மேக்கர், உடலுக்குள் வைத்த உலோகத் தகடு, கண்ணில் எப்போதோ தெறித்த இரும்புத்தூள் ஆகியவற்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பட்டறையில் வேலை பார்த்தவர்கள் இந்தக் கடைசி விஷயத்தை மறக்கக் கூடாது.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி. கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் பல உயிர்களைப் பறித்த சாராயத்தில் இருந்தது மெத்தில் ஆல்கஹால். அதில் ஒரே கார்பனில் மூன்று ஹைட்ரஜன், ஆக்சிஜனில் ஒன்று. இதற்கு எத்தனை கோடுகள், எந்த அளவில் வரும்? இரண்டு கோடுகள், 3:1 என்று சொன்னவர்களுக்குப் பாடம் புரிந்துவிட்டது. அவர்களே இரவுச் சாப்பாட்டின்போது தாத்தா பாட்டிக்கும் தமிழில் விளக்கிச் சொல்லட்டும்.