ஒவ்வாமையும் ஒரே உலையும்

நுழையும்முன்

வரவு குறைந்த வீட்டில் மளிகைப் பட்டியல் என்பது வெறும் பொருள்களின் வரிசை அன்று. எதை வாங்குவது, எதை விடுவது என்னும் முடிவுகளின் வரிசை. அவ்வீட்டில் ஒருவருக்கு உணவு ஒவ்வாமை இருக்குமானால், பட்டியலின் ஒவ்வொரு வரியும் இரு வினாக்களைக் கடந்தாக வேண்டும். கைப்பொருளுக்குள் அடங்குமா? உண்பவருக்குத் தீங்கு தராதா? இவ்விரு வினாக்களுக்கும் ஒரே விடை கிடைக்கும் இடங்களையும், கிடைக்காத இடங்களையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஒவ்வாமை என்பது

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. உடலோடு முரண்படாத உணவை அளவறிந்து உண்பதே நலவாழ்வின் அடிப்படை என்பதை அவ்வதிகாரம் வலியுறுத்துகிறது. ஒருவருக்கு ஊட்டமாகும் உணவு மற்றொருவருக்கு ஊறாகலாம் என்பதை இன்றைய மருத்துவ அறிவியலும் விளக்குகிறது.

உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு, தீங்கற்ற ஓர் உணவுப் புரதத்தைப் பகையாகக் கருதி அதனை எதிர்ப்பதே உணவு ஒவ்வாமை. அப்போது வெளிப்படும் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களால் தோல் தடிக்கும், உதடு வீங்கும், வாந்தி வரும், கடுமையான நிலையில் மூச்சுத் திணறி, இரத்த அழுத்தம் தாழ்ந்து உயிருக்கே இடர் நேரும். சிலருக்கு இதற்கு மிகச் சிறிய அளவே போதும்.

பால் குடித்தால் வயிறு பொருமுவோர் அனைவரும் ஒவ்வாமை உடையவர் அல்லர். பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவாக இருப்பதாலும் வயிறு பொருமும். அது தொல்லை தருவது. ஒவ்வாமையோ உயிரைப் பறிக்கவும் கூடியது. இவ்வேறுபாட்டை அறிந்து கூற வேண்டியவர் மருத்துவரே.

தெரிந்து தெளிவோம்

'அலர்ஜி' என்னும் சொல்லை 1906ஆம் ஆண்டு உருவாக்கியவர், வியன்னாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்கே. 'வேறான செயல்' என்னும் பொருள்பட, கிரேக்கச் சொற்களைக் கொண்டு இதனை அமைத்தார். கடும் ஒவ்வாமை அதிர்ச்சியான 'அனஃபிலாக்சிஸ்' பற்றிய ஆய்வுக்காகப் பிரெஞ்சு அறிவியலாளர் சார்லஸ் ரிஷே 1913ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

நகரத்தின் ஓரத்தில் வாழும் ஐவர் கொண்ட குடும்பம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தந்தை சுமைதூக்கும் தொழிலாளி. தாய் வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். உடன் வாழ்பவர் தந்தையைப் பெற்ற பாட்டி. பதினொன்றாம் வகுப்பில் பயிலும் மகளுக்கு நிலக்கடலை ஒவ்வாது. ஆறு வயது மகனுக்குப் பால் ஒவ்வாது. இரண்டையும் அரசு மருத்துவமனை மருத்துவர் உறுதிசெய்திருக்கிறார்.

அறிந்த முதல் மாதத்தில் அச்சமே அவ்வீட்டை நடத்தியது. மகனுக்கெனத் தனிப் பிஸ்கட், பாலுக்கு மாற்றாக அடைக்கப்பட்ட பானம், மகளுக்கெனத் தனிக் குழம்பு என வீட்டில் மூன்று சமையல்கள் நடந்தன. இருபதாம் தேதிக்குள் கைப்பணம் தீர்ந்தது. அதன்பின் வாங்கிய முட்டைகள் பிள்ளைகளின் தட்டுக்கு மட்டுமே போயின. தாய் இரசத்தோடு நிறுத்திக்கொண்டார். ஒவ்வாமை பிள்ளைகளுக்கு இருந்தது. அதன் விலையைத் தாயின் தட்டு செலுத்தியது.

அடுத்த மாதம் தாயும் மகளும் பழைய பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தனர். அப்போது ஓர் உண்மை புலப்பட்டது. செலவு மிகுந்திருந்தவை பிஸ்கட், மிக்சர், ஆயத்தப் பொடிகள் போன்ற கலவைப் பொருள்கள். ஒவ்வாமைப் பொருள் மறைந்திருக்கும் இடங்களும் பெரும்பாலும் அவையே.

சிக்கனமும் காப்பும் சேரும் இடம்

அரிசி, துவரை, உளுந்து, கேழ்வரகு, காய், கீரை, முட்டை, மீன் ஆகியவை ஒற்றைப் பொருள்கள். கண்ணால் பார்த்தே இன்னதென்று அறியலாம். விலையும் ஒப்பீட்டளவில் குறைவு. தமிழ்நாட்டின் நியாயவிலைக் கடைகளில் 2011ஆம் ஆண்டு முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்கும், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. அக்குடும்பத்தின் உணவுக்கு இவையே அடித்தளமாயின.

காலையில் இட்லியும் தேங்காய்ச் சட்னியும் அமைந்தன. சட்னியில் நிலக்கடலை சேர்க்கும் வழக்கம் நின்றது. மகளுக்குப் பொட்டுக்கடலை ஒத்துக்கொள்ளும் என்பதை மருத்துவரிடம் உறுதிசெய்துகொண்ட பின் அது சேர்ந்தது. சாம்பார்ப் பொடியை வீட்டிலேயே வறுத்து அரைத்தனர். கேழ்வரகுக் கூழை மோரின்றி, உப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்து அனைவரும் அருந்தினர்.

எனினும், ஒற்றைப் பொருளிலும் விழிப்பு தேவை. சத்துமாவில் நிலக்கடலை சேர்ப்போர் பலர். அதனை அரைத்த மாவு இயந்திரத்திலேயே கேழ்வரகை அரைத்தால் நிலக்கடலையின் எச்சம் கலக்கலாம். நிலக்கடலை ஆட்டிய செக்கில் எள் ஆட்டினால் நல்லெண்ணெயிலும் அது கலக்கலாம். கோதுமை ஒவ்வாதவர் வீட்டில் கூட்டுப் பெருங்காயத்தை ஐயத்தோடு பார்க்க வேண்டும். அதில் மைதா சேர்ப்பதுண்டு. எனவே, 'இதில் என்ன இருக்கிறது?' என்னும் வினாவோடு 'இதற்கு முன் இதில் என்ன அரைத்தார்கள்?' என்னும் வினாவும் எழ வேண்டும். கேழ்வரகைச் சிறிதளவாக வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துக்கொள்வது அக்குடும்பம் கண்ட வழி.

இழந்த சத்தை ஈடுசெய்தல்

ஓர் உணவை நீக்குவது பாதி வேலை. அது தந்த சத்தை வேறு வழியில் பெறுவது மறுபாதி. பால் ஒவ்வாத பிள்ளைக்குத் தேங்காய்ப்பால் கொடுத்து அமைதி கொள்வோர் உண்டு. தேங்காய்ப்பால் நிறத்தில் பால் போன்றது. ஆனால் பசும்பாலுக்கு ஈடான புரதமோ கால்சியமோ அதில் இல்லை. ஆட்டுப்பாலும் தீர்வன்று. அதன் புரதங்கள் பசும்பால் புரதங்களைப் பெரிதும் ஒத்திருப்பதால் பசும்பால் ஒவ்வாத பலருக்கு அதுவும் ஒவ்வாது.

100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் மேற்பட்ட கால்சியம் உள்ளது. முருங்கைக்கீரையிலும், முள்ளோடு மென்று உண்ணும் நெத்திலியிலும் கால்சியம் உண்டு. ஒரு முட்டை ஏறத்தாழ 6 கிராம் புரதம் தரும். விலை குறைந்த நாள்களில் வாங்கும் மத்தி மீனும், நாள்தோறும் அமையும் பருப்பும் அக்குறையை நிரப்பின. மகனின் எடையும் உயரமும் வயதுக்கேற்ப உள்ளனவா என்பதை மருத்துவமனையில் அவ்வப்போது பார்த்துக்கொண்டனர்.

சிக்கனம் கூடாத இடங்கள்

சிக்கனமும் காப்பும் பிரியும் இடங்கள் மூன்று. முதலாவது, நோயறிதல். அறியாமல் ஐயத்தின் பேரில் முட்டை, மீன், பருப்பு என ஒவ்வொன்றாக விலக்கும் வீட்டில் சத்தும் குறையும், செலவும் பெருகும்.

இரண்டாவது, பொட்டலத்தின் பெயரட்டை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டுப் பெயரிடல் விதிகள், குளூட்டன் உள்ள தானியம், ஓட்டுடலி, பால், முட்டை, மீன், நிலக்கடலையும் பிற கொட்டைகளும், சோயா, கிலோவுக்கு 10 மில்லிகிராம் அல்லது அதற்கு மேற்பட்ட சல்பைட் ஆகியவை இருப்பின் பொட்டலத்தில் குறிப்பிட வேண்டும் என்கின்றன. 'கேசீன்', 'வே' என்னும் சொற்களும் பாலையே குறிக்கும். உதிரியாக விற்கும் மிக்சருக்கு இத்தகைய அட்டை இல்லை. விலை குறைவென்று அதனை வாங்குவது சிக்கனம் ஆகாது.

மூன்றாவது, அவசர மருத்துவம். உண்டபின் மூச்சுத் திணறலோ மயக்கமோ தோன்றினால் கைவைத்தியத்தில் காலம் கழிக்காமல், 108 அவசர ஊர்தியை உடனே அழைக்க வேண்டும். கடும் ஒவ்வாமைக்கு முதன்மை மருந்து அட்ரினலின் ஊசியே.

ஒரே உலை

மூன்று சமையல்கள் ஒன்றாயின. வீட்டில் நிலக்கடலை நுழைவதில்லை. குழம்பிலும் கூழிலும் பால்பொருள் சேர்வதில்லை. பாட்டிக்கான தயிர் மட்டும் தனிக் கிண்ணத்தில், தனிக் கரண்டியோடு, மேல் அடுக்கில் இருக்கிறது. எரிபொருளும் நேரமும் மிஞ்சின. மாத இறுதியில் தாயின் தட்டிலும் முட்டை இருந்தது.

பள்ளியில் தோழி ஒருத்தி கடலை மிட்டாயை நீட்டியபோது, "எனக்கு நிலக்கடலை ஆகாது" என்று அம்மாணவி தயங்காமல் சொன்னாள். மறுநாள் தோழி கொண்டுவந்தது கொய்யாப்பழம். ஒருவருக்கு ஆகாததை அனைவரும் அறிந்து விலக்கும்போது, அவர் பந்தியிலிருந்து விலக்கப்படுவதில்லை. வீட்டு உலைக்கு உரிய அவ்வறம் வகுப்பறைக்கும் உரியது.

கற்பவை கற்றபின்

1. வீட்டின் ஒரு மாத மளிகைப் பட்டியலை ஒற்றைப் பொருள்கள், கலவைப் பொருள்கள் எனப் பிரித்து, அவற்றின் செலவை ஒப்பிடுக.
2. உணவுப் பொட்டலங்கள் ஐந்தின் பெயரட்டைகளைப் படித்து, அவற்றில் குறிக்கப்பட்டுள்ள ஒவ்வாமைப் பொருள்களை அட்டவணைப்படுத்துக.

குறுவினா

தேங்காய்ப்பால் பசும்பாலுக்கு ஈடாகாதது ஏன்?

சிறுவினா

'ஒவ்வாமையின் விலையைத் தாயின் தட்டு செலுத்தியது' – இத்தொடரின் பொருளை விளக்குக.

நெடுவினா

சிக்கனமும் காப்பும் சேரும் இடங்களையும் பிரியும் இடங்களையும் பாடப்பகுதி கொண்டு ஆராய்க.