அவுட்டோருக்கு ஃபிளாஷ் வாங்கப் போகிறீர்களா?

கல்யாண ஜோடியைக் கடற்கரையில் நிறுத்திப் படமெடுக்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது, "எத்தனை வாட்ஸ்?" என்றுதான். அதற்கு முன்னால் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: எத்தனை மணிக்கு எடுக்கப்போகிறோம்?

மாமல்லபுரத்தில் கடல் கிழக்கே. காலை ஏழு மணிக்குக் கடலைப் பின்னணியாக வைத்தால் சூரியன் ஜோடியின் முதுகுக்குப் பின்னால் நிற்கும். ஃபிளாஷ் இல்லாவிட்டால் முகம் கரிதான். ஆனால் அந்த நேரத்து வெயில் இளசு. கேமரா மேல் செருகும் ஸ்பீட்லைட்டைக் கழற்றிப் பக்கவாட்டில் பிடித்தாலே சமாளித்துவிடலாம். உச்சி வெயிலில் அது எடுபடாது.

மொட்டைமாடியில் ஒரு பரீட்சை செய்து பாருங்கள். ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/200. நல்ல வெயிலில் அப்பர்ச்சர் எஃப்/11 பக்கம் வந்து நிற்கும். சாப்ட்பாக்ஸ் மாட்டிய பிறகும் உங்கள் விளக்கு அந்த எஃப்/11-ஐத் தொட வேண்டும். 200 வாட்-செகண்ட் விளக்கை முகத்துக்கு நெருக்கமாகப் பிடித்தால்தான் அது நடக்கும். குடும்பத்தோடு குரூப் போட்டோ என்றால் 400, 600 வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் கைடு நம்பரில் மயங்காதீர்கள். அது பெரும்பாலும் ஃபிளாஷை முழு ஜூமில் வைத்து, முன்னால் துணி எதுவும் இல்லாமல் அளந்தது. சாப்ட்பாக்ஸின் இரண்டு அடுக்கு வெள்ளைத்துணி ஒன்றிரண்டு ஸ்டாப்பை விழுங்கிவிடும்.

பெரிய விளக்குக்குப் பணம் கட்டுமுன் இதையும் யோசியுங்கள். இரண்டு மீட்டரில் இருக்கும் விளக்கை ஒரு மீட்டருக்குக் கொண்டுவந்தால் வெளிச்சம் நான்கு மடங்காகும். 200-ஐ 800 ஆக்கியதற்குச் சமம், செலவில்லாமல்!

பின்னணி மங்கலாக வர எஃப்/4-இல் எடுக்க ஆசையா? ஹை-ஸ்பீட் சிங்க் இருக்கிறது. ஆனால் அதில் விளக்கின் பலம் நன்றாகவே குறைந்துவிடும். லென்ஸில் மூன்று ஸ்டாப் என்.டி. ஃபில்டர் மாட்டினால் 1/200-இலேயே எஃப்/4 கிடைக்கும். எனக்கு இதுவே பிடித்தம்.

டிரிக்கர் உங்கள் கேமரா பிராண்டுக்கு உரியதுதானா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள். வெளியூருக்குப் படமெடுக்கப் போகும்போது ரயிலில் கவலையில்லை, விமானம் என்றால் உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும். 100 வாட்-அவருக்குள் இருந்தால் தொந்தரவில்லை.

இனி சாப்ட்பாக்ஸ். பெரிதாக, பக்கத்தில் இருந்தால் நிழல் மென்மையாக விழும். தலையிலிருந்து இடுப்பு வரைக்கும் 90 சென்டிமீட்டர் போதும். எண்கோண வடிவ 120 ஆக்டாவின் வெளிச்சம் இன்னும் அழகுதான், ஆனால் கடற்காற்றில் அது பாய்மரம். என்னுடையது ஒருமுறை ஸ்டாண்டோடு அலையில் சாய்ந்தது. மணப்பெண் சிரித்தது நல்ல படமாக வந்தது, விளக்கு திரும்ப எரியவில்லை. அன்றிலிருந்து உதவிக்கு ஆள் இல்லாத நாளில் 60-க்கு மேல் எடுத்துப்போவதில்லை. ஆள் இருந்தால் ஸ்டாண்டே வேண்டாம், கம்பில் மாட்டிக் கையில் பிடிக்கச் சொல்லுங்கள். வாங்கும்போது குடை மாதிரி விரியும் வகையாகப் பாருங்கள். கம்பி கம்பியாகச் செருகும் வகையை மாட்டி முடிப்பதற்குள் இளவெயில் போய்விடும்.

ஸ்டாண்டுக்குப் பாரம் கட்டவென்று விற்கும் மணல் பைக்குக் காசு கொடுக்காதீர்கள். வீட்டில் கிடக்கும் காலி அரிசிப் பை இரண்டு போதும். கடற்கரையில் மணலுக்கா பஞ்சம்?