மையம் இல்லாத வலையமைப்பில் முதல் முகவரி யார் தருவார்?

செவ்வாப்பேட்டையில் மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணினிப் பயன்பாடுகள் கற்பிக்கிறேன். களப்பெயர் முறைமைப் பாடத்தை முடித்த அன்று பேச்சு பிட்காயின் பக்கம் திரும்பியது. "நடுவுல சர்வரே இல்லைங்கறீங்க சார். அப்ப புதுசா சேர்ற கம்ப்யூட்டர் யார்கிட்டப் போய்ப் பேசும்?" என்று ஒரு மாணவி கேட்டார். அன்று நடத்திய பாடத்திலேயே விடையின் பாதி இருந்தது. மறுநாள் அதையே செயல்பாடாக்கினேன்.

கருத்து விளக்கம்

பிட்காயின் 2009 ஜனவரியில் தொடங்கியது. அதன் கணக்கேட்டை உலகெங்கும் பல்லாயிரம் கணினிகள் தத்தம்மிடம் வைத்துள்ளன. ஒவ்வொரு கணினியும் ஒரு கணு. புதிய கணுவிடம் தொடக்கத்தில் எந்த முகவரியும் இருக்காது. ஆரம்ப ஆண்டுகளில் ஐஆர்சி என்னும் உரையாடல் அறையில் கணுக்கள் ஒன்றையொன்று கண்டுகொண்டன. பின்னர் அம்முறை கைவிடப்பட்டது. இப்போது மென்பொருளுக்குள்ளேயே சில களப்பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. அவற்றுக்கு 'விதைகள்' என்று பெயர். விதையின் பெயரைக் களப்பெயர் முறைமையிடம் கேட்டால், இயங்கிக்கொண்டிருக்கும் சில கணுக்களின் ஐபி முகவரிகள் கிடைக்கும். அதுவும் பலிக்காவிட்டால், மென்பொருளுடன் வரும் நிலையான முகவரிப் பட்டியல் உதவும்.

ஓர் இணைப்பு கிடைத்ததும், "உனக்குத் தெரிந்த முகவரிகளைக் கொடு" என்று கணு கேட்கும். ஒரு செய்தியில் 1000 முகவரிகள் வரை வரலாம். அவற்றைச் சேமித்து வைத்து, அடுத்த முறை அங்கிருந்தே தொடங்கும்.

செயல்பாடு

தேவை: எண் அட்டைகள், ஐந்து வரிக் கணக்குத் தாள், ஒவ்வொருவருக்கும் வேறு நால்வரின் எண்கள், ஒரு கடலை மிட்டாய்.

வகுப்பில் வரிசைக்கு ஒன்பது பேராக நான்கு வரிசைகள். முதல் சுற்றில் ஒரு மாணவர் வெளியிலிருந்து வந்தார். 'விதை' மாணவரிடம் இரண்டு எண்கள் பெற்று, அவர்களைக் கேட்டு மேலும் எண்கள் சேர்த்து, எட்டுப் பேரைக் கண்டு கணக்கை எழுதிக்கொண்டார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இரண்டாம் சுற்றுக்கு முன், ஜன்னலோர வரிசையிடம் இரகசியமாகச் சொல்லிவைத்தேன்: உங்கள் வரிசை எண்களை மட்டுமே கொடுங்கள், ஐந்தாம் வரியை மறையுங்கள். விதையையும் அவ்வரிசையிலேயே அமர்த்தினேன். 7-ஆம் எண் தன் பத்து ரூபாயை 12-ஆம் எண்ணுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டது என்பதுதான் அந்த வரி. அதில் 7-ஆம் எண்ணின் கையொப்பமும் உண்டு. புதிதாக வந்த மாணவி அதே பத்து ரூபாய்க்கு 7-ஆம் எண்ணிடம் கடலை மிட்டாயை விற்றுவிட்டார். "எட்டுப் பேரைக் கேட்டேனே சார், எட்டுப் பேரும் ஒண்ணத்தானே காட்டினாங்க!" என்றார். வகுப்பு சிரித்தது.

அவர் இவ்வாண்டுதான் எங்கள் பள்ளிக்கு வந்தவர். ஏமாறும் பங்கை அவருக்குக் கொடுத்தது என் தவறு என்று அப்போதுதான் உறைத்தது. அதனால் மூன்றாம் சுற்றுக்கான விதியை அவரையே வகுக்கச் சொன்னேன். "ஒரு வரிசையில ரெண்டு பேருக்கு மேல கேக்கக் கூடாது" என்றார். இம்முறை ஆறு தாள்களில் ஐந்தாம் வரி தெரிந்தது. கையொப்பம் இருந்ததால், ஒரே ஒருவர் காட்டியிருந்தாலும் போதும்.

உண்மை நிகழ்வோடு இணைத்தல்

ஒரு கணுவைச் சூழ்ந்துகொண்டு அதற்குச் செய்தி வரும் வழிகளையெல்லாம் அடைப்பதைக் கிரகணத் தாக்குதல் என்பர். இது பிட்காயினில் சாத்தியம் என்று பாஸ்டன் பல்கலைக்கழக, ஹீப்ரு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் காட்டினர். சூழ்ந்தவர்களால் பிறர் கையொப்பத்தைப் போட முடியாது. ஆனால் புதிய பதிவுகளை மறைக்க முடியும். அதனால்தான் கணு, தான் தேடிச் செல்லும் இணைப்புகளை வெவ்வேறு முகவரித் தொகுதிகளிலிருந்து தேர்கிறது. எங்கள் மாணவி சொன்ன விதியும் அதுவே.

ஆசிரியர் கவனத்திற்கு

இது வலையமைப்புப் பாடம். முதலீட்டுக்கான அழைப்பு அன்று என்பதை மாணவர்களிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். முடிவில் ஒரு கேள்வி கேளுங்கள்: "எட்டுப் பேர் அனுப்பினார்கள் என்று நீங்கள் நம்பிய வாட்ஸ்அப் செய்தி எத்தனை வரிசைகளிலிருந்து வந்தது?" எங்கள் வகுப்பில் இதற்குப் பதில் வரச் சற்று நேரமாயிற்று. அந்த மௌனத்தையும் கற்றலாகவே எடுத்துக்கொண்டேன்.