அணிக்கோவையை விரிக்கும் முன்

கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கு நேரியல் இயற்கணிதம் நடத்துகிறேன். வருகிறவர்கள் எல்லோரும் பிளஸ் டூவில் நேர்மாறு அணி கண்டுபிடித்துப் பழகியவர்கள். இணைக்காரணிகளை எழுது, சேர்ப்பு அணி அமை, அணிக்கோவையால் வகு என்று கை தானாக ஓடும். "அணிக்கோவை பூச்சியமானால் நேர்மாறு ஏன் கிடையாது?" என்று கேட்டால் மட்டும், "பூச்சியத்தால் வகுக்க முடியாது சார்" என்பதோடு நின்றுவிடுவார்கள். சரியான பதில்தான். ஆனால் அது சூத்திரம் எங்கே தடுக்கி விழுகிறது என்பதைத்தான் சொல்கிறது. அந்த அணிக்குள் என்ன நடந்தது என்று சொல்லவில்லை.

அதனால் முதல் வகுப்பில் வரைபடத் தாளை எடுக்கச் சொல்வேன். ஓர் அணியின் நிரல்கள் (3, 1), (1, 2) என்றால், ஆதிப்புள்ளியிலிருந்து அந்த இரண்டு புள்ளிகளுக்கும் கோடு இழுத்து இணைகரத்தை முடிக்க வேண்டும். கட்டங்களை வெட்டி ஒட்டி எண்ணினால் பரப்பு 5 வரும். பிறகு 3×2 − 1×1 போட்டுப் பார்த்தால் அதே 5. நிரல்களை இடம் மாற்றினால் −5. பரப்பு அப்படியே இருக்க, சுற்றும் திசை மட்டும் திரும்புகிறது. அணிக்கோவை வெறும் கணக்கு அல்ல, ஓர் அளவு என்பது அந்த இடத்தில் பலருக்குப் பிடிபட்டுவிடும்.

அடுத்து நிரல்களை (2, 4), (1, 2) என்று மாற்றுவேன். இணைகரமே வராது, இரண்டும் ஒரே கோட்டில் படுத்துவிடும். இந்த அணி தளம் முழுவதையும் அந்த ஒற்றைக் கோட்டில் கொண்டுபோய்ப் போடுகிறது. (1, 0) போய்ச் சேரும் இடம் (2, 4). (0, 2) போய்ச் சேரும் இடமும் (2, 4). இப்போது (2, 4) என்ற விடையை மட்டும் கையில் கொடுத்து, புறப்பட்ட இடம் எது என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்? நேர்மாறு இல்லாததற்குக் காரணம் இதுதான். வகுத்தல் பிறகு வருகிறது.

வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. நம் பாடநூல்களில் அணி முதலில், அணிக்கோவை பிறகு. பிறந்த வரிசை நேர் எதிர். ஜப்பானில் செகி தகாகசு 1683-இலும் ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் 1693-இலும் அணிக்கோவையைத் தொட்டுவிட்டார்கள். கிராமரின் விதி 1750-இல் வந்தது. கேலி அணிகளுக்கென்று தனி இயற்கணிதம் எழுதியது 1858-இல். சமன்பாட்டுத் தொகுப்புகளுக்குத் தீர்வு தேடியவர்கள் கையில்தான் அணிக்கோவை முதலில் உருவானது. அந்தக் கேள்வியை விட்டுவிட்டுப் பண்புகளை மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பது எனக்கு ஒருபோதும் உடன்பாடில்லை.

கணக்குப் போடும்போது நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: விரிக்கும் முன் நிரைகளைப் பாருங்கள். 1 முதல் 9 வரை வரிசையாக எழுதிய 3×3 அணியைக் கொடுத்தால் பலர் உடனே விரிக்கத் தொடங்குவார்கள். முதல் நிரையையும் மூன்றாம் நிரையையும் கூட்டினால் இரண்டாம் நிரையின் இருமடங்கு வருகிறது. அங்கேயே விடை பூச்சியம். அப்படி எதுவும் கண்ணில் படவில்லையென்றால், ஒரு நிரையின் மடங்கை இன்னொன்றிலிருந்து கழித்துப் பூச்சியங்களை உண்டாக்குங்கள். அணிக்கோவையின் மதிப்பு மாறாது. சாரஸ் விதியை 4×4-க்கு இழுக்காதீர்கள். அங்கே 24 உறுப்புகள் வேண்டும், மூலைவிட்டங்கள் தருவது 8-தான். 20×20 அணியை உறுப்பு உறுப்பாக விரித்தால் ஏறத்தாழ 2.4×10¹⁸ உறுப்புகள் வரும். வினாடிக்கு நூறு கோடி உறுப்புகளைக் கணக்கிடும் கணினிக்கும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நிரைச் செயலிகளால் முக்கோண வடிவுக்குக் கொண்டுவந்தால் பெருக்கலும் வகுத்தலும் சேர்த்து மூவாயிரத்துக்குள் முடிந்துவிடும். காஸ் நீக்கல் முறையை நான் அதிகம் நடத்துவதற்கு இதுவே காரணம்.

பரப்பு என்ற எண்ணம் மனதில் இருந்தால் சில தவறுகள் வரவே வராது. 3×3 அணியை 2-ஆல் பெருக்கினால் அணிக்கோவை 2 மடங்காகும் என்று எழுதுவார்கள். மூன்று பக்கமும் இரட்டிக்கும் பெட்டியின் கன அளவு 8 மடங்கு அல்லவா? இரண்டு அணிகளின் பெருக்கற்பலனுக்கு நேர்மாறு எழுதும்போது வரிசை புரளுவதை மட்டும் டிபன் கேரியரைக் காட்டிச் சொல்வேன்: கடைசியாக அடுக்கிய கிண்ணத்தைத்தான் முதலில் எடுக்க முடியும்.

நேர்மாறு கண்ட பிறகு மூல அணியோடு பெருக்கி அலகு அணி வருகிறதா என்று பாருங்கள். நேரமில்லையென்றால் ஒரு நிரையையாவது பெருக்குங்கள். வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வழி உண்டு. மூலைவிட்டத்தில் எல்லாம் 1 ஆக உள்ள ஒரு கீழ் முக்கோண அணியையும் ஒரு மேல் முக்கோண அணியையும் முழு எண்களால் அமைத்துப் பெருக்குங்கள். அணிக்கோவை 1 ஆகத்தான் இருக்கும். நேர்மாறிலும் பின்னம் வராது. நிரைகள் (1, 3), (2, 7) உள்ள அணி அப்படிச் செய்ததுதான். அதன் நேர்மாறின் நிரைகள் (7, −3), (−2, 1).

கணினியில் வேலை செய்யப் போகிறவர்களுக்கு இன்னொன்று. அணிக்கோவை சிறியதாக இருப்பதால் மட்டும் அணி மோசமானது என்று முடிவுகட்டாதீர்கள். 10×10 அலகு அணியை 0.1-ஆல் பெருக்கினால் அணிக்கோவை 10⁻¹⁰ ஆகிவிடும். நேர்மாறோ, அலகு அணியின் 10 மடங்கு, அவ்வளவுதான். நேர்மாறு இருக்கிறதா என்பதை அணிக்கோவை சொல்லும். விடையை எவ்வளவு நம்பலாம் என்பதைச் சொல்லாது. அதற்கு நிரைகள் ஒன்றையொன்று எவ்வளவு நெருங்கிச் சாய்ந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். சமன்பாடுகளுக்குத் தீர்வு மட்டும் போதுமென்றால், நேர்மாறைக் கணக்கிடாமல் நேரடியாக நீக்கல் முறைக்கே போய்விடுங்கள்.