அளவறிந்து அளத்தல்

பொறுமைக்கு நிலத்தை உவமை கூறுதல் நம் முன்னோர் மரபு. அத்தகைய நிலமும் சில வேளைகளில் நடுங்குகின்றது. 1889-ஆம் ஆண்டில் ஜப்பானில் தோன்றிய நிலநடுக்கத்தின் அலைகள், நெடுந்தொலைவு கடந்து ஜெர்மனியிலிருந்த கருவியொன்றிற் பதிந்தன. அன்று முதல் தொலைநாட்டு நடுக்கங்களையும் அறிஞர் ஆராயத் தொடங்கினர்.

பழைய கருவிகள் சிலவற்றில், புகை படிந்த தாளின்மீது ஊசியொன்று நிலத்தின் அசைவை இடையறாத கோடாக வரைந்தது. இக்காலக் கருவியிலோ அவ்வசைவு மின்னழுத்தமாக மாறுகின்றது. அம்மின்னழுத்தத்தைக் குறித்த இடைவெளிதோறும் அளந்து எண்களாகத் தருவது எண்ணாக்கி என்னும் கருவியாகும். விநாடிக்கு எத்தனை எண்கள் பதிவாக வேண்டும் என்பதைக் கருவியை அமைப்பவர் வரையறுப்பர். இதற்கு மாதிரி வீதம் என்பது பெயர்.

வீதம் குறைந்தால் நேரும் தீங்கு யாது? திரைப்படத்தில் விரைந்தோடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தோன்றுவதை மாணவர் கண்டிருப்பர். அது போன்றதே இதுவும். விநாடிக்கு 9 முறை அதிரும் அலையை 10 முறை மட்டும் அளந்தால், அது விநாடிக்கு ஒரு முறை அதிரும் மெல்லலையாகத் தோன்றும். இல்லாத அலை உள்ளதுபோற் பதிவாகும். ஆதலின், அதிர்வின் எண்ணிக்கையைப்போல் இருமடங்கிற்கு மேல் அளத்தல் வேண்டும் என்பது விதி. அவ்வளவிற்கு அடங்காத விரைவலைகளை முன்னரே வடித்து நீக்கிவிடுதல் வேண்டும். பொய்யலை கலந்தபின் அதனைப் பிரித்தல் அரிது.

வீதம் மிகுந்தாலும் இடர் உண்டு. மேல்கீழ், வடக்குத்தெற்கு, கிழக்குமேற்கு என மூன்று திசைகளிலும் விநாடிக்கு 100 முறை அளந்தால், ஒரு நாளில் 2,59,20,000 எண்கள் குவியும். அவற்றைச் சேமிக்க இடமும், அனுப்ப மின்னாற்றலும் வேண்டும். மலையுச்சியில் தனித்து நிற்கும் நிலையத்திற்கு இது பெருஞ்சுமையன்றோ? ஆதலின் வல்லுநர், அண்மை நடுக்கங்களுக்கு 100, தொலைநடுக்கங்களுக்கு 20, மிக மெல்லிய நீளலைகளுக்கு 1 என ஒரே கருவியிற் பல வீதங்களை வகுத்துக்கொள்வதும் உண்டு.

இதனால் விளையும் பயன் பெரிது. 1995-இல் ஜப்பானின் கோபே நகரை அழித்த நடுக்கத்தில் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் அந்நாட்டார் ஆழ்துளைகளில் நுண்கருவிகளை இறக்கி, ஏறத்தாழ 800 நிலையங்களை நிறுவினர். அவை விநாடிக்கு 100 முறை அளக்கின்றன. நடுக்கத்தின் முதலலை விரைந்து வரும். பேரழிவு செய்யும் அலை அதன்பின் வரும். முதலலையை உடனே அறிந்தால், சில விநாடிகளேனும் முன்னெச்சரிக்கை விடுக்கலாம். 2007 முதல் அந்நாட்டில் இவ்வெச்சரிக்கை பொதுமக்களுக்கும் அளிக்கப்படுகின்றது. அச்சில விநாடிகளில் தொடர்வண்டியின் விரைவைக் குறைக்கலாம். பள்ளிப் பிள்ளைகள் மேசையடியிற் புகுந்து உயிர் காத்துக்கொள்ளலாம்.

நடுக்கம் வருநாளை எவரும் அறியார். வந்தபின் வீதத்தைத் திருத்தினும், பதியாது போன அசைவு மீண்டும் கிட்டாது. நிலம் அமைதியாய் இருக்கும் நாளிலேயே, எது வேண்டுமென ஆராய்ந்து, அதற்கேற்ற அளவை வகுத்து வைத்தலே அறிவுடையார் செயல்.