ஒரே பெயரில் இரண்டு லெங்த்

கேள்வி: எங்கள் நூலகத்துப் புத்தகப் பட்டியலை எஸ்கியூலைட்டில் வைத்திருக்கிறேன். ‘தமிழ்’ என்ற சொல்லை லெங்த் ஃபங்ஷனிடம் கொடுத்தால் 5 என்கிறது, மூன்றெழுத்துத்தானே? அதே பெயரில் நானே ஒன்று எழுதிச் சேர்த்தால் உள்ளே இருப்பது என்ன ஆகும்?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: இகரக் குறியையும் புள்ளியையும் யூனிகோடு தனித்தனிக் குறியீடுகளாகக் கொள்வதாலேயே த, ம, ழ என்னும் மூன்றோடு அவ்விரண்டும் கூடி 5 ஆகின்றன. தங்கள் எண்ணிக்கையே தமிழிலக்கணத்துக்கு உகந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இனி, ஃபங்ஷனைத் தேடும் முறை. எஸ்கியூலைட் விழித்தெழும்போதே தன்னுடைய ஃபங்ஷன்களையெல்லாம் 23 அறைகளில் பிரித்து வைத்துவிடுகிறது. பெயரின் முதலெழுத்துக்குரிய எண்ணோடு பெயரின் நீளத்தைக் கூட்டி, 23ஆல் வகுத்து, வரும் மீதியே அறையின் எண். லெங்த்தின் முதலெழுத்துக்கு 108, ஆங்கிலத்தில் அதன் நீளம் 6. கூடினால் 114, மீதி 22. மாக்ஸ், மின் என்னும் ஃபங்ஷன்கள் இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்கி ஒரே நீளமுடையனவாதலால் 20ஆம் அறையில் சேர்ந்து வசிக்கின்றன. இத்தனை எளிய கணக்கு இத்தனை காலமாகப் போதுமானதாயிருப்பது எனக்கு இன்றும் ஆச்சரியமே.

தாங்கள் பதிவு செய்வதோ இந்த அறைகளில் இடம் பெறுவதில்லை. தங்கள் இணைப்புக்கே உரிய வேறொரு பட்டியலில் சேர்கிறது. வினவல் வரும்போது அந்தப் பட்டியலே முதலில் பார்க்கப்பட்டு, பெயரும் ஆர்குமென்ட்களின் எண்ணிக்கையும் பொருந்துவது அங்கே இல்லாதபோதுதான் 23 அறைகளுள் அப்பெயருக்குரியது திறக்கப்படுகிறது. ஆகவே, இரண்டு ஆர்குமென்ட் கொள்ளும் லெங்த்தைத் தாங்கள் சேர்த்தால் ஒற்றை ஆர்குமென்ட் கொண்ட பழையது எப்போதும்போல் பதில் சொல்லும். ஒற்றை ஆர்குமென்டுடன் சேர்த்தாலோ, இணைப்பு மூடப்படும் வரையில் பழையது மறைந்து நிற்குமேயன்றி அழிந்துபோவதில்லை. போஸ்ட்கிரெஸ் என்னும் மற்றொரு டேட்டாபேஸில் சம்பிரதாயம் நேர்மாறானது: வேறுவிதமாக ஏற்பாடு செய்யாத வரை உள்ளமைந்தவற்றின் ஸ்கீமாவே அங்கே முதலில் தேடப்படும்.

ஆயினும் பழைய பெயரை மறைக்கவேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். லெங்த்தை ஆதாரமாகக் கொண்டு ஓர் இன்டெக்ஸ் அமைத்துவிட்டீர்களானால், அதே கோப்பை வேறொருவர் தங்கள் ஃபங்ஷன் இல்லாமல் திறக்கும்போது, இன்டெக்ஸ் 3 என்று வைத்திருப்பதை அவருடைய எஸ்கியூலைட் 5 என்று கணக்கிட்டு, பிழையென்று ஒரு சொல்லும் சொல்லாமல் தவறான வரிசைகளைக் கொண்டுவந்து கொடுக்கும். ‘எழுத்தெண்’ என்று தமிழிலேயே பெயரிடுங்கள். எஸ்கியூலைட் அதை ஏற்றுக்கொள்ளும். பதிவு செய்யாத இடத்தில் அப்படியொரு ஃபங்ஷன் இல்லையென்று உடனே அறிவித்தும்விடும்.